சுண்டுவிரலுக்கு இடமில்லை

ஏலக்காய் நிறுக்கிற தராசில் வைத்தேன்.
பேட்டரி, கார்டு சேர்த்து
நானூற்று எண்பத்தேழு கிராம்.
கமிஷன் மண்டிக் கணக்கர் வீருசின்னு எட்டிப் பார்த்தார்.
"அரைக் கிலோகூட இல்ல. இதுக்கா
ஒன்றே முக்கால் லட்சம்?
எட்டு எம்எம் காயே அம்பது கிலோ வருமே."

போடியில் எல்லாருக்கும் சல்லடைக் கண் தெரியும்,
ஏழில் நிற்பது எது, எட்டில் நிற்பது எது,
விழுந்ததை யார் வாங்குவார் என்பதும்.
அதனால் அவர் பாஷையிலேயே சொன்னேன்:
உள்ளே இருக்கிற சில்லு
முப்பத்தாறுக்கு இருபத்துநாலு எம்எம்.
பெரிய காய், சின்னத் தோல்.

"அப்ப எதையோ எடுத்திருப்பான்" என்றார்.

எடுத்திருக்கிறான்.
பிடி இல்லை. மூன்று விரல் உடம்பைப் பற்ற
சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கிறது,
முதல் பந்தியில் இலை கிடைக்காத ஆள் மாதிரி.
கார்டுக்கு ஒற்றைக் குழி; போனால் போனதுதான்.
ஆட்டம் தாங்கும் தொட்டில் சில்லுக்கு அடியில் இல்லை.
ஷட்டர் சத்தம் போடாது,
ஆனால் காட்சியை ஒரே மூச்சில் விழுங்காமல்
வரிவரியாய் வாசிக்கும்.
வியூஃபைண்டர் இடது மூலையில்.
எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து
வலக்கண்காரர்களை எண்ணி முடித்திருக்கிறார்கள்.
எனக்கு இடக்கண்.
மூக்கு திரையில் பட்டு
ஃபோகஸ் புள்ளி எங்கேயோ ஓடிவிடுகிறது.

பழையதில் எல்லாம் இருந்தது.
அதைத் தூக்கினால்
ஜீப்பில் இருக்கிற பெண்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள்.
படத்தில் முந்தானைதான் நன்றாக விழும்.

விடிகாலை ஐந்து. பூப்பாறைக்குப் போகிற ஜீப்.
பொம்முராஜும் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறான்.
ஸ்டெப்னியைக் கழற்றினால் ஓர் ஆள்.
பின்கதவைக் கழற்றினால் இரண்டு, நின்றபடி.
கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் சுருளியம்மா;
அவள் முழங்காலைக் கேட்டுத்தான்
செகண்டுக்கு வர வேண்டும்.
பதினேழு பேர். நான் பதினெட்டு.
"அந்தப் பெரிய டப்பான்னா ஒரு டிக்கெட் போகும்,
இது பரவால்ல, ஏறு" என்றான்.

முழங்கை தூக்க இடமில்லாமல்
நெஞ்சோடு செங்குத்தாய் வைத்து அழுத்தினேன்.
இருட்டை அள்ளத் தெரிந்த சில்லுதான்.
முந்தல் தாண்டி வளைவு வளைவாய்
ஜீப் குலுங்கக் குலுங்க
அள்ளியதெல்லாம் சிந்திப் போனது.

செக்போஸ்ட்டில் நின்றபோதுதான் ஒரு படம் நின்றது.
ஒச்சம்மா முகம்.
எல்ஈடி விளக்கின் துடிப்பு
நெற்றியிலிருந்து தாடைவரை
பட்டை பட்டையாய் இறங்கியிருந்தது.
வாங்கிப் பார்த்தாள்.
"ஏண்டி, என்னைக் கம்பிக்குள்ள வச்சிட்ட?"
ஜீப்பே சிரித்தது.
அந்தச் சிரிப்பை எடுத்தேன்,
பல் மட்டும் பதினைந்து கோடுகளாய் விழுந்தது.

அதே படத்தின் ஓரத்தில், நான் பார்க்காமல் எடுத்தது:
கதவிருந்த இடத்தில் நிற்கிற யாரோ ஒருத்தி
மேல்கம்பியைப் பிடித்திருக்கிறாள்.
ஐந்தாறு கைகள் ஏற்கெனவே அங்கே.
நான்கு விரலுக்குத்தான் கம்பி கிடைத்திருக்கிறது.
அவள் பேர் கேட்கவில்லை.
அதற்குள் பேட்டரி சிவந்துவிட்டது.

ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றிருந்தார்
மதுரைக் கடைக்காரர். இன்று ஆறு.
சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி
அடியில் ஒட்டிப் பார்த்தேன். விரல் உட்கார்ந்தது.
மறுபடி தராசு: ஐந்நூறுக்கு இரண்டு கிராம் குறைவு?
இல்லை, இரண்டு அதிகம்.

"கூடிருச்சே" என்றார் வீருசின்னு.
ஆமாம் என்றேன்.
ஜீப்புக்கு எதை ஒட்டுவதென்று தெரியவில்லை.