டி டிரைவில் இடம்

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு ராத்திரி.
பதினோரு கடைகளின் ஜிஎஸ்டி ஏற்றியாக வேண்டும்.
நான்காவது கடை, லோகு ஹார்டுவேர்ஸ்.
எக்செல் திறந்ததும்
திரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து நின்றது.
நினைவகம் போதவில்லை என்றது ஒரு சின்னக் கட்டம்.
எனக்கும்தான், என்றேன்.

ரிச்சி தெருவுக்குப் போன மாதமே போய்வந்தாயிற்று.
கில்பர்ட் என் ரேமை விரலிடுக்கில் பிடித்து
மீன் செவுளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"இது இப்ப வர்றதில்லக்கா."
இன்று ஃபோனில், பாதித் தூக்கத்தில்,
வழி சொல்கிறான்:
பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, செட்டிங்ஸ்,
திரும்பவும் ஒரு அட்வான்ஸ்டு.
சந்துக்குள் சந்து புகுந்து
கடைசியில் ஒரு குறுகல் வாசல்,
வர்ச்சுவல் மெமரி.

"தானே பாத்துக்கும்னு ஒரு டிக் இருக்கும். அத எடுங்க."
எடுத்தேன்.
தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டவை
இந்த வீட்டில் ஏற்கெனவே நிறைய.

"ரேம் ரெண்டு ஜிபிதான். மிச்சத்த
டிஸ்க்குலேர்ந்து கைமாத்தா வாங்குறோம்."
மெஷினுக்கு வித்தியாசம் தெரியாதா?
"தெரியும்க்கா. மெதுவா நடக்கும். ஆனா நிக்காது."

சி டிரைவில் எழுநூறு எம்பி.
டி-யில் அதுவும் இல்லை.
"டி-ல அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்லாமல் திறந்தேன்.
'சுகந்தி வெட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர்.
அதற்கப்புறம் வீடியோக்காரர் அடித்திருந்த பெயரை
எட்டு வருடம் முன்பே வெட்டிவிட்டேன்.
வாக்கியம் அப்படியே நிற்கிறது.

கொளத்தூர் மண்டபம். நாலு பாகம்.
முதல் இரண்டு முகூர்த்தம்,
அதில் அப்பா மைக்செட்காரரோடு
சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.
தொடவில்லை.
மறுவீட்டில் ஓரிடத்தில் நான் நிஜமாகவே சிரிக்கிறேன்,
எதற்கென்று நினைவில்லை. இருக்கட்டும்.
மூன்றாவது ரிசப்ஷன். நாலே கால் ஜிபி.
அதில் இருப்பது வரிசை மட்டும்தான்.
மேடை ஏறி, கவரைக் கொடுத்து,
விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி,
இறங்கி, பந்திக்குப் போகிறவர்கள்.
மூன்று மணி நேரம்.

ஷிஃப்டோடு சேர்த்து டெலீட்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
குடும்ப நல நீதிமன்றத்தில்
ஆறு மாதம் இடைவெளி விட்டு
இரண்டு தடவை கேட்டார்கள் இதை.
இது ஒரு தடவையோடு விட்டுவிட்டது.

முதல் அளவு மூவாயிரத்து எழுபத்திரண்டு.
அதிகபட்சம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
செட். ஓகே. ரீஸ்டார்ட்.

அது அணைந்து எழுந்திருப்பதற்குள்
வில்லிவாக்கம் வழியாக ஒரு கூட்ஸ்
முழு நீளமும் போய் முடிந்தது.
ஜன்னல் கம்பி நடுங்கி ஓய்ந்தது.
யுபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டது.

லோகு ஹார்டுவேர்ஸ் திறந்துவிட்டது.
நகர்கிறது, முட்டிவலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல.
டிஸ்க் உள்ளுக்குள் கரகரக்கிறது,
சிவப்பு விளக்கு இமைக்கிறது.
ரிசப்ஷன் நின்ற இடத்தில் இப்போது
பிவிசி பைப், ஆணி, பதினெட்டு சதவீதம்,
ஒவ்வொன்றாக மேடை ஏறி இறங்குகின்றன.
யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

"ஓடுதாக்கா?"
ஓடுது. எவ்வளவுப்பா?
"அட தூங்குங்கக்கா" என்று வைத்துவிட்டான்.

மணி ஒன்றே முக்கால்.
ஐந்தாவது கடைக்காரர்
பில் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து
வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்,
தலைகீழாக.