பழுது கேட்டல்

இரவு ஒன்றே முக்காலுக்கு
குளச்சல் கடற்கரைச் சாலை பீடர் விழுந்தது.
மழையில்லை. காற்றில்லை.
தென்னையில் ஓலைகூட அசையாத நேரம்.

முன்பென்றால் ஒரு டார்ச் போதும்.
அண்ணாந்தபடி நடப்போம், நானும் வில்பிரட்டும்,
போஸ்ட் போஸ்டாக, கழுத்து கடுக்க.
எங்காவது ஒரு மட்டை குறுக்கே கிடக்கும்.
உப்புப் பூத்த இன்சுலேட்டர்
பனி பட்டுச் சுர்ரென்று நீலமாய்ச் சிணுங்கும்.
கருகிய வவ்வால்
செத்தது தெரியாததுபோல
தலைகீழாகவே தொங்கும்.
கம்பிக்கு ஒளிக்கத் தெரியாது
என்று நினைத்திருந்தேன்.

இப்போது சாலை சும்மா கிடக்கிறது.
அதற்கடியில் மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை,
அதற்கடியில் செங்கல், மணல்,
அதற்கும் அடியில்
கேட்டால் எதுவும் சொல்லாத கேபிள்.

வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.
"மண்ணுக்கடியில போட்டா
கரண்டே போவாதுன்னீங்களே வேய்"
என்றார் ஐஸ் பிளாண்ட் சூசைமிக்கேல்.
நான் சொல்லவில்லை. சொன்னது நோட்டீஸ்.
போவது குறையும், போனால் வர நேரமாகும்
என்றுதான் நான் சொன்னேன்.
இரண்டாவது பாதியை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வண்டி வர மூன்றரை.
கேபிளுக்குள் அடி அனுப்பும் பெட்டி அதில் இருக்கிறது.
ஆறு நொடிக்கு ஓர் அடி.
காயம்பட்ட இடத்தில் மின்சாரம் குதித்து
மண்ணுக்குள் டும் என்று கேட்கும்.
காதில் ஹெட்போன் மாட்டி,
தரையில் வைக்கும் மைக்கைப் பிடித்து,
மூன்றடிக்கு ஒருமுறை குந்தி எழுந்தேன்.
வரைபடம் வடக்கு ஓரம் என்றது.
கேபிள் தெற்கு ஓரம் போயிருந்தது.

டும்.
இல்லை, அது கடல்.
டும்.
அதுவும் கடல்.
ஆறு நொடிக்கு ஒருமுறை
அலையும் வந்து கரையை அடிக்கிறது.
"அடியை நாலு நொடிக்கு மாத்து" என்றேன்.
கடலை மாற்ற முடியாதே.

அதற்குள் ஐஸ் பிளாண்டில் ஜெனரேட்டர் எழுந்தது.
தரை முழுக்க அதன் உறுமல்.
போய் நின்றேன். நிறுத்தச் சொன்னேன்.
"நூற்றிருபது பாளம் உருகிரும்."
பத்து நிமிஷம் என்றேன்.
சூசைமிக்கேல் என் முகத்தைப் பார்க்காமல்
சுவிட்சைப் பார்த்தார்.

நாலு வருஷம் முன்பு ஒரு புயல் ராத்திரி.
லைன் கிளியர் வாங்கித்தான் வில்பிரட் ஏறினான்.
ஏதோ ஒரு வீடு, ஏதோ ஒரு கடை
ஜெனரேட்டரைப் போட்டது.
செத்த கம்பிக்குள் பின்வழியாக உயிர் வந்தது.
அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.
எதுவும் தெரியவில்லை.
எர்த் ஒரு பக்கம்தான் போட்டிருந்தது.
போட்டது நான்.
எந்த ஜெனரேட்டர் என்று
இன்றுவரை யாரும் சொன்னதில்லை.
அதைக் கேட்கும் பெட்டி
நாகர்கோவிலிலும் கிடையாது.

ஜெனரேட்டர் நின்றது.
நாய்கூடக் குரைக்கவில்லை.
அலை ஒன்று. அது போகட்டும்.
பிறகு, முழங்காலுக்கு நேர் கீழே,
டும்.

குருசடிக்கு ஏழடி கிழக்கே.
திருவிழாப் பந்தல் கால் நட
யாரோ கடப்பாரை இறக்கியிருக்கிறார்கள்.
சப்பரத்தை இடிக்கிறதென்றுதான்
கம்பியைக் கீழே போட மனு கொடுத்தார்கள்.
கம்பி போன வருஷமே
சப்பரத்தை இரண்டடி உயர்த்தினார்கள்.
கோபம் வரவில்லை. சிரிப்பும்.

போனில் வில்பிரட்.
ஆபீசில் இப்போது புகார் எழுதுவது அவன்தான்,
இருக்கும் கையால், இடது கையால்.
"கிட்டிச்சா?"
"கிட்டிச்சு. குருசடிப் பக்கம். வெட்டப் போறோம்."
"எர்த் போட்டியா?"
"போட்டாச்சு."
பேனா நகரும் சத்தம் கேட்டது. நின்றது.
"எர்த் போட்டியாலே?"
"போட்டாச்சு மக்கா.
ரெண்டு பக்கமும்."

முதல் மண்வெட்டு விழுந்தபோது
மணி நாலு நாற்பது.
மணல் ஈரமாக இருந்தது,
கொஞ்சம் சூடாகவும்.