சீட்டுக்கு அடியில்

புதுசு முப்பத்தாறு லட்சம் என்று
அவிநாசி ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
காப்பி கொடுத்துச் சொன்னார்கள்.
அறுபது மாதத் தவணை. இரண்டு வருட வாரண்டி.
மண் படாத ரப்பர் செயினைத் தொட்டுப் பார்த்தேன்,
விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.
அந்தச் சுத்தத்துக்குத்தான் வட்டி.

எனக்கு வேண்டியது
கோழிக் கூண்டுக்குக் கீழே முட்டாமல் போகிற வண்டி.
மழை வாரத்தில் எரு கூழாகிவிடும்;
டயர் வண்டி அதில் வயிறு வரை இறங்கி
எருமை மாதிரி உட்கார்ந்துகொள்வதைப்
புதுச்சத்திரத்தில் இரண்டு முறை பார்த்தாயிற்று.
செயின் என்றால் மேலாக மிதந்து போகும்.
இப்போது ஒன்பது பேர், ஒன்பது மண்வெட்டி,
ஒரு ஷெட்டுக்கு நாலு நாள்.
கண்ணெரிச்சல் தாளாமல் மாரக்காள்
போன தையோடு நின்றுவிட்டாள்.

சங்ககிரி பைபாஸில் அர்த்தநாரி யார்டு.
பழசு. பதினெட்டு சொன்னார்.
மீட்டரில் மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் மணி.
கைப்பிடியின் குமிழோ
ஆறாயிரம் மணி நேரத்துக்குத் தேய்ந்திருந்தது.
பானட்டில் உள்ளங்கை வைத்தேன்.
சுட்டது.
"காத்தாலயே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டனுங்க,
உங்களுக்குச் செரமம் வேண்டாம்னு."
நல்லதுங்க என்று வந்துவிட்டேன்.
நாளைக்கும் வருவேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தரைக்குக்
கோட்டை மலை இன்னும் இருட்டாகவே இருந்தது.
வாட்ச்மேன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
அர்த்தநாரி சட்டைப் பட்டன் போட்டபடி ஓடிவந்தார்.
மூன்றாவது சாவிக்குத்தான் எஞ்சின் எழுந்தது.
வெள்ளைப் புகை, இருமல்,
ஒரு நிமிடத்தில் தெளிந்தது.
பரவாயில்லை, எனக்கும் காலையில் அப்படித்தான்.

பக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கி
எஞ்சினை அணைத்துவிட்டு
டீ சொன்னேன்.
டம்ளர் காலியாவதற்குள்
நாலு விரற்கடை இறங்கியிருந்தது பக்கெட்.
"வெரலுக்குப் பத்தாயிரங்க."
"எவுரு வெரல்லீங்க?"
மண்வெட்டி பிடித்துத் தடித்தது என் விரல்.
அவர் விரலால் அளந்தால் ஐந்து வந்தது.
நாலே இருக்கட்டும் என்றார்.

பல்சக்கரத்தின் பற்கள் கொக்கியாய் வளைந்திருந்தன.
இடது செயினின் உள்பக்கம்
ஒரு முழத்துக்குக் கம்பி தெரிந்தது.
ஜோடிச் செயின் என்ன விலையென்று
பவானியில் முந்தின நாளே கேட்டு வைத்திருந்தேன்.
முனகிக்கொண்டே அதையும் கழித்தார்.

எல்லாம் பேசி முடித்த பிறகுதான்
சீட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு துண்டுப் பச்சை வயர்.

ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று
வண்டி கேட்டுக்கொண்டே இருப்பதற்கு
அங்கே ஒரு சுவிட்ச் உண்டு.
யாருமே இல்லாதபோதும்
ஆமாம் ஆமாம் என்று சொல்லும்படி
அதை முறுக்கி விட்டிருந்தார்கள்.

"இதாருங்க போட்டது?"
"பழைய டிரைவருங்க. ஏறி எறங்கச் சுளுவுன்னு."
"அவுரு இப்ப எங்கீங்க?"
அர்த்தநாரி டம்ளரைக் கீழே வைத்தார்.
"ஊட்டுலதாங்க. கால்ல பிளேட்டு வெச்சிருக்குது.
வேறொண்ணுமில்லீங்க."

பதினோரு வருடம் நாச்சாயியிடம் கட்டிய சீட்டு
என் மடியில் ரப்பர் பேண்டு போட்டு இருந்தது.
அந்தச் சீட்டு இந்தச் சீட்டுக்குத்தான்.
ஓட்டப் போவது நான்.
பத்து நாள் பழகிய பிறகு
மாரக்காளின் மகள்.

அதற்கு மேல் விலை பேசவில்லை.
சுவிட்ச் மட்டும் புதுசு வேண்டும் என்றேன்.
"முப்பத்தாறு லட்சத்துல எல்லாம் புதுசாவே
கெடைக்குமேங்க" என்றார், கோபமில்லாமல்.
ஆமாங்க என்றேன்.

வியாழக்கிழமை மாட்டி வைத்திருந்தார்.
உட்கார்ந்து, மார்புக் கம்பியை இறக்கி, நகர்த்தினேன்.
ஊர்ந்தது.
எழுந்தேன்.
கையும் காலும் அப்படியே நின்றன.
உட்கார்ந்தேன். ஊர்ந்தது.
எழுந்தேன். நின்றது.
"செரியாத்தானுங்க இருக்குது, துளசிமணியக்கா.
லாரி காத்துக்கிட்டிருக்குது."

இன்னொருக்கா என்றேன்.