கடன் நோக்கம்: வாழை

திருவட்டார் கிளையில்
என் பெயர்ப்பலகையில்
'வேளாண் அலுவலர்' என்றிருக்கிறது.
மேசையில் மண் கிடையாது.
நகைத்தராசு, உரைகல், அமிலப் புட்டி,
தண்ணீரிலேயே வேரோடும் ஒரு மணிபிளாண்ட்.

காலை பத்தரைக்குள்
மூன்று செயின், ஏழு வளையல், ஓர் அரைஞாண்
விவசாயக் கடனாகிவிட்டன.
மண்டபத்துக்கு முன்பணம் கட்டவேண்டும் என்று
ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.
நோக்கம்: வாழை
என்று எழுதினேன்.
பட்டா நகலில் பதினான்கு சென்ட் இருந்தது.
தாளுக்கு அது போதும்.

நான் குறும்பனைக்காரி.
வாசற்படிக்கும் அலைக்கும் முப்பதடி.
கலந்தாய்வில்
கால்நடை மருத்துவம் அரை மதிப்பெண்ணில் நழுவ
வேளாண்மை கிடைத்தது.
'கடல்ல போறவனுக்க மவ
நாத்து நடப் போறாளாம்'
குருசடிப் பக்கம் சிரித்தார்கள்.

முதல் பருவம், மண்ணியல்.
அவரவர் ஊர் மண்ணைக் கொண்டுவரச் சொன்னார்கள்.
பூதப்பாண்டி சுபலெட்சுமி வண்டல் கொண்டுவந்தாள்.
குலசேகரத்துப் பையனுடையது
ரப்பர் மரத்தடிச் செம்மண்.
என்னுடையதைக் குடுவையில் கரைத்ததும்
உப்பு காட்டும் முள் எகிறி நின்றது.
'இதுல என்னம்மா விளையும்?'
'நெத்திலி, சார்.'

அறுபத்தெட்டுப் பேர் நாங்கள்.
ஜெபின் பூச்சிமருந்துக் கம்பெனி பைக்கில்
தோவாளைப் பிச்சித் தோட்டங்களைச் சுற்றுகிறான்.
மாத இலக்கு
கனவிலும் லிட்டர் கணக்கில் வருகிறதாம்.
அனிஷா திருப்பதிசாரத்தில்
நெற்பூவைத் திறந்து மகரந்தம் தூவுகிறாள்,
திட்டம் முடியும்வரை சம்பளம்.
ஒருத்தன் நான்காம் முறையாக ஐ.ஏ.எஸ். முதல்நிலை.
சுபலெட்சுமி வயலுக்குத் திரும்பினாள்
என்று சொல்ல ஆசைதான்.
அவள் சென்னையில், பன்னிரண்டாம் மாடியில்,
செயற்கைக்கோள் படத்தில்
யார் யாருடைய வயலையோ பார்க்கிறாள்.

செவ்வாய் மதியம் கிறிஸ்டல்பாய் வந்தாள்.
பாட்டத்து நிலம், முந்நூறு ஏத்தன்.
ஒரு கையில்
கம்மல் ஏலத்துக்குப் போகும் நோட்டீஸ்,
மறுகையில் ஜவுளிக்கடைப் பை.
பையைத் திறந்து
பாஸ்புக்குகளின் மேல் வைத்தாள்
ஒரு முழ வாழைத்தடி.
'குலை தள்ளுததுக்கு முன்ன ஒடிஞ்சு விழுது மேடம்.
நம்ப மாட்டியன்னு வெட்டிக் கொண்டுவந்தேன்.'

தடியெங்கும் ஊசித் துளைகள்.
துளைதோறும் தேன்நிறப் பிசின்.
அழுகல் வாடை ஏசியில் ஏறிச் சுற்றியது.
காசாளர் மூக்கைப் பொத்தினார்.
கவர் பிரிக்கும் கத்தியால் பிளந்தேன்.

கொழுத்த வெள்ளைப் புழு.
செந்தலை.

ஐந்தாம் பருவம், பூச்சியியல் செய்முறைத் தேர்வு,
ஒன்பதாம் மேசை.
கால் உண்டா என்று பாராமல்
'காண்டாமிருக வண்டு' என்றெழுதி
இரண்டு மதிப்பெண்ணை விட்ட அதே புழு.
இந்த முறை பார்த்தேன்.
கால் இல்லை.
தண்டுக் கூன்வண்டு.

வைப்புச் சீட்டின் பின்புறம்
கிறுக்கத் தொடங்கினேன்:
காய்ந்த சருகையெல்லாம் உரித்து எடுக்கணும்.
விழுந்த தடியை அப்படியே போடாதீங்க,
நெடுக்காகப் பிளந்து வரப்பில் வைங்க,
வண்டு அதில் வந்து கூடும், பொறுக்கிக் கொல்லலாம்.
பூஞ்சாணப் பொடிக்குப் பேச்சிப்பாறையில் கேளுங்க.
சீட்டு போதாமல் இன்னொன்று கிழித்தேன்.
இந்தக் கிளையில் நான் எழுதிய
'வாழை' என்ற சொல்லுக்கு
முதன்முறையாக
ஒரு வாழை இருந்தது.

'அப்போ கம்மலு?' என்றாள்.

வட்டியை மட்டும் கட்டினால்
மாற்றி வைக்கலாம் என்றேன்.
அது எந்தப் பருவத்திலும் படித்ததில்லை.
மடியை அவிழ்த்து எண்ணினாள்.
எண்ணூறு குறைந்தது.
'வெள்ளிக்கிழமை வாறேன்.'
சீட்டு இரண்டையும் நோட்டீசுக்குள் மடித்து
வெயிலில் இறங்கிப் போனாள்.
தடியை எடுக்கவில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.
'இதை எந்த ஃபைல்ல வைக்கிறது?'

பிளந்த தடியிலிருந்து நழுவிய புழு
கால் இல்லாமலே
உரைகல்லை நோக்கி
நெளிந்துகொண்டிருந்தது.