எடைப்பாலத்தருகே ஒரு பேட்டி

நீதிபதி வந்து பார்த்துவிட்டுப் போனார்.
கால்வாய், அதன்மேல் போட்ட பலகை,
மகளின் செருப்பு கிடந்த இடத்தில்
போலீஸ் நட்டிருந்த ஏழாம் எண்.
பதினைந்து நிமிடம். அப்புறம் மழை.

புக்கிட் செராயா ஆலை வாசலில்
காடிகள் சேறு தெறித்து வரிசையாய் நின்றன.
மைக்குகள் மட்டும் என் எடைப்பாலத்துக் கூரைக்கடியில்,
லோயர் தவசீலனைச் சுற்றி.
அவர் சப்பாத்தில் எங்கள் செம்மண்.

"என் கட்சிக்காரர் சின்ன வயதுக்காரர்.
நீங்கள் அவரை ஏற்கெனவே தூக்கில் போட்டுவிட்டீர்கள்."
டத்தோவின் மகனைச் சொன்னார்.
அவருக்குக் குரல் உயராது.
ஒரு வாக்கியத்தை விட்டு,
எழுதிக்கொண்டார்களா என்று பார்த்து,
அடுத்ததை விடுவார்.

எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்
தைப்பிங் கோர்ட்டுப் படிக்கட்டில்
என் புருஷனுக்காக இப்படித்தான் பேசினார்.
மேனேஜரை வெட்டியது இவர்தான் என்று
பட்டணமே சொன்னபோது,
ஆ லெக் கடையில் அரிசிக் கடன் நின்றுபோனபோது,
காசு வாங்காமல் வந்தவர்.
"சந்தேகத்தின் பலன் பிச்சையல்ல, உரிமை."
அந்தப் பத்திரிகைத் துண்டும்
மகளின் பிறப்புப் பத்திரமும்
ஒரே மைலோ டின்னில் கிடந்தன.

அப்போது அவள் என் இடுப்பில். மூன்று வயது.
விடுதலை என்றதும் எல்லோரும் கைதட்ட
அவளும் தட்டினாள்.
வெட்டினாரா என்று புருஷனிடம் நான் கேட்டதே இல்லை.
தீர்ப்புக்குப் பிறகு
கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பெண் அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்?
நான் பழி சொல்லவில்லை. கேட்கிறேன்."

இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனாள், ஐயா.
பலகையை விட்டால் வேறு வழி கிடையாது.
பதினோரு வயதில் நீங்களும்
இந்தக் கால்வாயைத் தாண்டித்தானே
பள்ளிக்கூடம் போனீர்கள்?

எடைப்பாலத்துக் கம்பியைத் தட்டினார்:
"இதோ, தராசு பொய் சொல்லாது."
நிருபர்கள் சிரித்தார்கள்.
மழை பெய்தால் அது நாற்பது கிலோ குறைத்துக் காட்டும்.
ஆலைக்குத் தெரியும். எனக்கும்.

"சந்தேகத்தின் பலன்" என்று அவர் தொடங்க,
"பிச்சையல்ல" என்று
என் உதடு முந்திக்கொண்டது.
பக்கத்தில் புருஷன் தலையாட்டினார்,
பழக்கத்தில்.
பிறகு உறைத்து
கழுத்தை அப்படியே நிறுத்திக்கொண்டார்,
நிமிரவும் இல்லை, குனியவும் இல்லை.

லோயர் எங்களைப் பார்த்தாரா, தெரியாது.
விரித்த குடையை மடக்கி
மறுபடி விரித்தார்.

ஒரு மைக் என் பக்கம் திரும்பியது.
"அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
ஹாரன் அடித்தபடி காத்திருந்தது.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்,
"எடை போடணும்."

எட்டு மணிச் செய்தியில்
அது வரவில்லை.