கைநாட்டு

களிமண் முதலில் சில்லென்று இருந்தது.
பிறகு எங்கள் கைச்சூடு ஏறி
மெல்ல இளகிக்கொடுத்தது.
பதினாறு பேர், பதினாறு பலகைகள்,
ஆளுக்கொரு பெயர்.

எனக்கு வந்த அட்டையின் நகலில்
ஒரு மனிதன் கட்டம் கட்டமாக இருந்தான்.
உயரம் நூற்று அறுபத்தெட்டு.
முடி கறுப்பு.
தொழில் தேனீ வளர்ப்பு.
தாயின் பிறந்தவீட்டுப் பெயர்
(அதையும் கேட்டிருக்கிறார்கள்,
பட்டினி போடுவதற்கு முன்).
எழுதத் தெரியுமா என்று கேட்கக்
கட்டமில்லை.
கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.
மை கொஞ்சம் அதிகம்,
ரேகைகளுக்கு நடுவே ஒரு வெட்டுத் தழும்பு
வெள்ளையாகத் தெரிந்தது.

பெயரில்தான் சிக்கல்.
முன்பக்கம் ஒரு மாதிரி,
பின்பக்கம் வேறு மாதிரி,
இறந்தவர் பதிவேட்டில் மூன்றாவது மாதிரி.
காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான் குமாஸ்தா,
விழாததை விட்டிருக்கிறான்.
அஸ்ஸில்பெக். ஆசில்பேக். அசில்பக்.

"எதில் எழுத்து குறைவோ அதைப் போடு"
என்றான் மால்ட்ட.
யாரும் சிரிக்கவில்லை.
அவனும்தான்.

திலாரா நகலைத் தன் பக்கம் இழுத்தாள்.
அவள் அப்பாவுக்கு ஊர் துருக்கியில்.
அவள் பிறந்தது இங்கே,
பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில்.
"இந்தப் பெயர் எனக்குப் பாதி தெரியும்" என்றாள்.
"முன்பாதிக்கு மேன்மையானவன் என்று
அர்த்தம் இருக்கலாம்."
இரண்டு முறை வாய்க்குள் உருட்டிப் பார்த்து
மூன்றாம் முறை சத்தமாகச் சொன்னாள்.
யாரையோ கூப்பிடுவதாக நினைத்து
வாசல் பக்கம் திரும்பினான் தியார்க்.

அவள் சொன்னதையே அழுத்தினேன்,
ஒவ்வோர் அச்செழுத்தாக.
ஒன்று தலைகீழாகப் பதிந்துவிட்டது.
பிசைந்து மறுபடி தொடங்கினேன்.
குமாஸ்தாவுக்கு இந்த வசதி இருந்தும்
அவன் அழித்தெழுதவில்லை.

தியார்க் கையெடுக்காமல் பிசைந்துகொண்டே சொன்னான்:
"எங்கள் கொள்ளுத்தாத்தாவும் கைதிதான்.
அந்தப் பக்கம், யூரல் மலையில்.
நாற்பத்தொன்பதில் வந்தார்,
மூன்று கால்விரல்கள் இல்லாமல்."
கொஞ்ச நேரம் பொறுத்து,
"அதற்கு முன் எங்கே நின்றார் என்று
வீட்டில் யாருக்கும் தெரியாது.
இந்த வேலிக்கு வெளியேகூட இருக்கலாம்."
அவன் பலகை மற்றதைவிட மெலிதாகிவிட்டது.
ஆசிரியை ஹார்ம்ஸ் ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு கட்டி களிமண்ணை
அவன் பக்கம் நகர்த்தினார்.

முகாம் இருந்த இடத்தில் இப்போது புல்வெளி.
அந்த முதல் கோடையில் இங்கே கூரை இல்லையாம்.
மரங்கள் ஆளுயரத்துக்கும் மேலே
பட்டை இழந்து நின்றனவாம்.
பசி கைதூக்கி எட்டிய உயரம் அது.
அதற்குமேல் மரம் மரமாகவே இருந்திருக்கிறது.

சூளையிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தேன்.
என் பலகையின் முதுகில்
என் பெருவிரல் பதிந்து வெந்திருந்தது.
எப்போது அழுத்தினேன் என்றே தெரியவில்லை.
தேய்க்கலாமா என்று கேட்டேன்.
"சுட்ட மண்ணாயிற்றே" என்றார் ஹார்ம்ஸ்.

நவம்பரில் போய் மாட்டினோம்.
தூண் ஈரமாக இருந்தது,
திருகாணி வழுக்கியது,
மால்ட்டதான் பிடித்துக்கொடுத்தான்.
என் ரேகை மரத்தைப் பார்த்து உள்ளே போயிற்று.
அவன் பெயர் வெளியே.

ஆகஸ்டில் இந்தப் புதர்களெல்லாம் ஊதாவாகப் பூக்கும்.
ஊர்க்காரர்கள் தேன்பெட்டிகளை வண்டியேற்றி
இங்கேதான் கொண்டுவருவார்கள்.
வேலிக்குள்ளிருந்து அவன்
அந்த ரீங்காரத்தைக் கேட்டிருப்பானோ,
எந்தப் பூவிலிருந்து எந்தத் தேன் என்று
பசியிலும் கணக்குப் போட்டிருப்பானோ.
சும்மா சுற்றிப் பார்த்தேன்.
ஒரு தேனீ இல்லை. தூறல்தான்.

ஒவ்வொருவராகப் பெயர் வாசித்தோம்.
என் முறை வந்தபோது
திலாரா உதட்டசைவில் எடுத்துக்கொடுத்தாள்.

பதினாறு முடிந்தது.
மீதி பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
பட்டறைக்குத் திரும்பி
களிமண் வாளியை
ஈரத்துணி போட்டு மூடிவைத்தோம்.
திங்கட்கிழமை வேறு வகுப்பு வருகிறது.