சிவப்புப் பென்சில்

மடித்தால் வரைபடம், விரித்தால் படுக்கை விரிப்பு,
எங்கள் நாட்டு வாக்குச்சீட்டு அப்படி.
ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு வெள்ளை வட்டம்.
சங்கிலியில் கட்டிய சிவப்புப் பென்சிலால்
ஒன்றை மட்டும் நிரப்ப வேண்டும்.

இரவு ஒன்பதுக்குப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தை அடைத்துவிட்டு
கூடைப்பந்து வளையத்தின் கீழே
எண்ணத் தொடங்கினோம்.
பதினேழாம் பட்டியலின் அடுக்கு
முதலில் என் காப்பிக் கோப்பை உயரம்,
பிறகு குடுவை உயரம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தபால்காரர் மைன்டர்ட் மட்டும்
அதை இரண்டாகப் பிரித்து வைத்தார்,
சரிந்துவிடுமாம்.

வெளியே வெஸ்டர்மார் நன்றாகத்தான் இருந்தது.
கூரைகளில் சூரியத் தகடுகள்,
வாய்க்காலில் வெள்ளைப் படகுகள்,
மாடுகளுக்குக்கூட முதுகு சொறிய மின்தூரிகை.

காலையில் டௌவே, முழங்காலில் கட்டோடு,
தன் வாக்கை என்னிடம் கொடுத்தனுப்பினான்.
கையெழுத்துப் போட்ட அட்டை; சட்டத்தில் இடமுண்டு.
"பதினேழு. முதல் பெயர்."
நமக்கு என்ன குறை என்றேன்.
"ஐம்பத்து நாலாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்."
பதினோரு வருடமாக நீ அதில் ஏறவே இல்லையே.
"ஏறாவிட்டால் என்ன? ஜன்னலில் அது போவது தெரியும்."

அப்படியானால் ஃபாதி?
அலெப்போவிலிருந்து வந்து
வாரம் இரண்டு முறை உன் முழங்காலை
தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல்
மடக்கி நீட்டுகிறானே?
"அவனைச் சொல்லவில்லை. அவன் நம்ம ஆள்."

வந்தேறிகள் என்று எண்ணினால்
ஊரில் மொத்தம் ஆறு பேர்.
ஆறு பேரும் யாராவது ஒருவருக்கு
நம்ம ஆள்.

மறைப்புக்குள் தனியாக நின்றேன்,
என் சீட்டு ஒன்று, அவன் சீட்டு ஒன்று.
எந்த வட்டத்தை நிரப்பினாலும் டௌவேவுக்குத் தெரியாது.
கடவுளும் வெளியே வரிசையில்தான் நிற்க வேண்டும், அதுதான் விதி.
முப்பத்தோரு வருடத்தில் அவன் என்னிடம்
மடித்துக் கொடுத்த எதையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.
நிரப்பினேன்,
அவன் சொன்னதை,
விளிம்பு பிசகாமல்,
பென்சில் முனை ஒடியும்வரை.

பதினொன்றரைக்கு அந்தச் சீட்டு என் கைக்கே வந்தது.
பின்பக்கம் தடவினால் புடைத்திருந்தது.
இருநூற்றுப் பதினான்கு என்று
சத்தமாகச் சொல்லி
அடுக்கின் மேல் வைத்தேன்.

வீட்டில் விளக்கு எரிந்தது. தூங்காமல் கிடந்தான்.
"நான் சொன்னதைத்தான் போட்டாயா?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் மேற்கூரையைப் பார்த்தான்.
"போட்டே விட்டாயா, வீப்ரிக்" என்றான்.